கோகிலவாணியின் முதுகு

கோகிலவாணி தன் முதுகைக் காட்டாத மேடை கோயமுத்தூரில் இல்லை. தப்பாக நினைக்க வேண்டாம், ஒரு எக்ஸ்ரே படம்தான். பேச்சு முடிகிற நேரத்தில் அதைத் திரையில் போடுவாள். இடுப்புக்கு மேலே இரண்டு முள்ளெலும்புகள், அவற்றின் நடுவே ஏழு வெள்ளைப் புள்ளிகள். "இது என்னோட முதுகுங்க. நாங்க கண்டுபிடிச்சதை எனக்கே வெச்சுக்கிட்டேன். மூணு வருஷமாச்சு, பாருங்க," என்று சொல்லி மேடையிலேயே குனிந்து தரையைத் தொட்டுக் காட்டுவாள். டாக்டர்கள் கைதட்டுவார்கள். வலியோடு வந்து கடைசி வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் பலமாகத் தட்டுவார்கள். ஐம்பது வயதில் ஒரு விஞ்ஞானிக்கு வேறென்ன வேண்டும்?

இது 2041-ஆம் வருடத்துக் கதை. அதற்கு முன்பெல்லாம் முதுகில் இரண்டு முள்ளெலும்புகளை ஒட்டவைக்க வேண்டுமென்றால் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து நடுவில் வைப்பார்கள். இல்லாவிட்டால் எலும்பு வங்கியிலிருந்து யாரோ ஒரு புண்ணியவானுடையதை வாங்கி வைப்பார்கள். முதுகு வலி போய் இடுப்பு வலி வந்து சேரும். சிலருக்கு ஒட்டவே ஒட்டாது. கோகிலவாணி சரவணம்பட்டி ஆய்வகத்தில் பதினோரு வருடம் உலையோடு மல்லுக்கட்டி ஒரு செயற்கை எலும்புத் தூளைச் செய்தாள். பதிவேட்டில் அதற்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் உண்டு. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது ரவை. பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் கெட்டிக்கார ரவை. தன்மேல் விழுகிற பளுவை உணர்ந்து, பளு விழுகிற பக்கமெல்லாம் புது எலும்பை வரவழைக்கும். ஆறு மாதத்தில் ஒட்டுவது ஆறு வாரத்தில் ஒட்டியது.

அதில் ஒரே ஒரு சங்கடம். எலும்போடு கலந்துவிட்டால் எது ரவை, எது எலும்பு என்று எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் ஒவ்வொரு குப்பியிலும் ரவையோடு டேன்டலம் என்கிற உலோகத்தில் செய்த ஆறு குண்டுகளைப் போட்டு மூடுவார்கள். கடுகளவுதான் இருக்கும், பெயரும் கடுகுதான். ரவையும் கடுகும் சேர்ந்தால் உப்புமா என்று வாரத்துக்கு ஒருமுறை யாராவது சொல்லுவார்கள், எல்லோரும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்கள். "எக்ஸ்ரேல கடுகு தெரிஞ்சா ரவை இருக்குன்னு அர்த்தம்" என்று டாக்டர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவள் கோகிலவாணி. அவளுக்கே முள்ளெலும்பு நழுவி நடக்க முடியாமல் போனபோது, தனக்கான குப்பியைத் தன் கையாலேயே தயாரித்தாள். ஊருக்கு ஆறு கடுகு என்றால் அவளுக்கு ஏழு. ஒரு ஆசைதான், வேறு காரணமில்லை.

அவளுக்கு அறுவை சிகிச்சை செய்தவன் அருட்செல்வன். முதுகெலும்பு நிபுணன், அவளோடு சேர்ந்து ரவைக்காக உழைத்தவன். இருபத்தாறு வருடப் பழக்கம். அவள் விவாகரத்துக்காக அலைந்த நாட்களில் கோர்ட் வாசலில் காரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தவன். மயக்க மருந்து ஏறுகிற நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவள் கண்ணை மூடினாள். அப்படி ஒரு நம்பிக்கை.

கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் மாராத்தாள் ஆய்வகத்துக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது, கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். வரவேற்பறை நாற்காலியில் முதுகு சாயாமல் நட்டுவைத்த கம்புபோல உட்கார்ந்திருந்தாள்.

"என்னைத் தெரியுதுங்களா அம்மிணி? சூலூர் முகாம்ல நீங்க குனிஞ்சு காட்டினீங்களே, அன்னிக்கு முன்னாடியே உக்காந்திருந்தேனுங்க."

கோகிலவாணிக்கு நினைவில்லை. ஆனாலும் தெரியும் என்று தலையாட்டினாள்.

"வெச்சு ரெண்டு வருசமாச்சுங்க. மொதல்ல நெம்ப நல்லாருந்துச்சு. ரெண்டாம் மாசமே கலவைச் சட்டி தூக்கிட்டேன்னா பாத்துக்குங்க. இப்ப ஏழெட்டு மாசமா முதுகு கட்டையாட்டம் ஆயிட்டே வருதுங்க. மொதல்ல இடுப்பு, அப்புறம் அதுக்கு மேல, அப்புறம் அதுக்கும் மேல."

"வலி இருக்கா?"

"வலியே இல்லீங்க. அதுதான் எனக்குப் பயமா இருக்குது."

ஏற்கனவே மூன்று ஆஸ்பத்திரிகளிலிருந்து இதே மாதிரி புகார் போயிருந்தது. அதை விசாரிக்க நிபுணர் குழு ஒன்று வியாழக்கிழமை சென்னையில் கூடுவதாக இருந்தது. ரவையை நிறுத்துவதா, தொடர்வதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். 'என் முதுகே சாட்சி' என்று அவள் குழுவுக்கு முன்கூட்டியே எழுதியும் அனுப்பியிருந்தாள். புகார் சொன்னவர்கள் சரியாக உடற்பயிற்சி செய்திருக்க மாட்டார்கள் என்பது அவள் எண்ணம். இப்போது எதிரே ஒருத்தி கட்டையாக உட்கார்ந்திருக்கிறாள். அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு ஹசீனாவின் ஸ்கேன் நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

ஹசீனா இளம் டாக்டர், எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற பெண். அவளிடம் போன மாதம்தான் புது ஸ்கேன் எந்திரம் வந்திருந்தது. அரை மணி நேரத்தில் மாராத்தாளின் முதுகு திரையில் தெரிந்தது.

"மேடம், உங்க ரவைல ஸ்ட்ரான்ஷியம் கலந்திருக்கீங்கல்ல? சாதா எலும்புல அது இவ்வளவு இருக்காது. இந்த மிஷின் அதை மட்டும் தனியா நீலமாக் காட்டும். ரவை எங்கெல்லாம் போயிருக்கோ அங்கெல்லாம் நீலம். இப்பப் பாருங்க."

கோகிலவாணி பார்த்தாள். அவள் செய்த ரவை கொடி மாதிரி மேலே ஏறியிருந்தது.

"டாக்டர் ஒட்டவெச்சது ரெண்டு எலும்பு. இப்ப ஒட்டியிருக்கிறது ஏழு. இன்னும் கொஞ்சம் ஏறினா விலா எலும்போட மூட்டெல்லாம் இறுகிரும். அப்புறம் மூச்சை இழுத்து விடறதே பெரும்பாடு."

"ஆட்டுக்கு வெச்சுப் பாத்தோமே ஹசீனா. ரெண்டு வருஷம் பாத்தோம். ஒட்டினதும் நின்னுருச்சே."

"ஆடு கொட்டாய்ல கட்டிப்போட்டுத் தழை தின்னுட்டு இருந்திருக்கும். அது என்ன சட்டியா தூக்குச்சு? பளு விழுந்தா வளரும்னு நீங்கதானே ரவைக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. இவங்க இறக்காம தூக்கியிருக்காங்க, அது நிக்காம வளந்திருக்கு."

"அப்ப என் முதுகுல ஏன் வளரலை?"

"நீங்க என்ன தூக்கறீங்க மேடம், லேப்டாப்பா?" என்றாள் ஹசீனா. பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்களுக்கும் ஒண்ணு எடுத்துருவோமா? பளு தூக்காதவங்களுக்கு இது எங்க நிக்குதுன்னு குழுவுக்குக் காட்டலாம். பாதிப் பேரையாவது காப்பாத்தலாம்," என்றாள்.

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கோகிலவாணி எந்திரத்தில் படுத்து எழுந்து வந்தபோது ஹசீனா படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு தூரம் ஏறியிருக்கு?"

"ஏறலை மேடம்."

"அப்பாடா."

"இல்ல மேடம். ரவையே இல்லை. ஏழு கடுகும் இருக்கு. அதைச் சுத்தி ஒரு பொட்டு நீலம்கூட இல்லை. இது சாதா எலும்பு. எலும்பு வங்கில வாங்கி வெச்ச மாதிரி இருக்கு."

கோகிலவாணி எந்திரம் பழுது என்றாள். ஹசீனா மறுபடியும் எடுத்தாள். அதே படம்தான் வந்தது. அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குப்பி மாறிப்போயிருந்தால் ஏழு கடுகு வந்திருக்காது. ஏழு கடுகு போட்ட குப்பி உலகத்திலேயே ஒன்றுதான். யாரோ அந்தக் குப்பியைத் திறந்து, சல்லடையில் கொட்டிச் சலித்து, ரவையை எறிந்துவிட்டு, கடுகை மட்டும் பொறுக்கி எண்ணிப் பார்த்து, வேறொரு எலும்போடு சேர்த்து அவள் முதுகில் வைத்திருக்கிறார்கள். தவறுதலாக யாரும் சல்லடை எடுப்பதில்லை.

வெளியே மாராத்தாள் காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க சொல்றாங்க?"

"இன்னும் கொஞ்சம் பாக்கணுங்க. அதுவரைக்கும் சட்டி தூக்காதீங்க. எதுவுமே தூக்காதீங்க."

"தூக்காம எப்படிங்க சாப்பிடறது?"

கோகிலவாணி அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, நேரே அருட்செல்வனின் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவன் நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டு அறையில் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் படத்தை மேசைமேல் வைத்தாள். இது யாருடையது என்று அவன் கேட்கவில்லை. குனிந்து பார்த்தான், டீயைத் தள்ளிவைத்தான்.

"யார்கிட்ட எடுத்த?" என்றான்.

அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. அதுவரை அவள் மனதின் ஒரு மூலையில், நர்ஸ் யாராவது, உதவி டாக்டர் யாராவது என்று ஒரு நப்பாசை ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் போயிற்று.

"ஏன் அருள்?"

"உக்காரு கோகி."

"உக்கார வரலை."

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"உன் ஆபரேஷனுக்கு ரெண்டு மாசம் முந்தி ஒருத்தர் வந்தார். மார்க்கெட்ல மூட்டை தூக்கறவர். முதல்ல ரவை வெச்ச பத்துப் பேர்ல ஒருத்தர். அவருக்கு மூணாவது எலும்புக்கு ஏறியிருந்துச்சு. ஒரே ஒரு கேஸ்தான். தற்செயலா இருக்கும்னு நினைச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்ப."

"நிறுத்தியிருக்கணும்ல?"

"ஒருத்தர் முதுகைப் பாத்துப் பயந்து பதினோரு வருஷத்தைக் குப்பைல போடச் சொல்றியா? எனக்கு வெறும் சந்தேகம்தான் கோகி. உறுதியா ஒண்ணும் தெரியாது."

"உறுதியாத் தெரியாதுன்னா எனக்கும் அதையே வெச்சிருக்க வேண்டியதுதானே?"

அவன் மென்று முழுங்கினான். சன்னலைப் பார்த்தான், டீயைப் பார்த்தான்.

"உனக்கு வைக்க எனக்குக் கை வரலை," என்றான்.

ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு இளகியது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: இளகத்தான் செய்தது. தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியை நினைத்துப் பின்னால் அவள் பலமுறை கூசிப்போனாள். அடுத்த நொடியே கோபம் தலைக்கேறியது.

"எனக்கு வைக்கக் கை வரலை. அப்புறம் எத்தனை பேருக்கு வைக்கக் கை வந்துச்சு?"

"கோகி..."

"எத்தனை பேருக்கு அருள்?"

"என் கையால அறுநூத்திச் சொச்சம்."

"அத்தனை மேடைலயும் நான் குனிஞ்சு காட்டறப்ப நீ முன் வரிசைல உக்காந்து கை தட்டின. கூசவே இல்லையா உனக்கு? நம்பவெச்சுக் கழுத்தறுத்துட்ட. என் கழுத்தை மட்டும்னாக்கூடப் பொறுத்துக்குவேன். என் வாயாலயே ஊரான் வீட்டு ஆளுங்களை உன் டேபிள்ல கொண்டுவந்து படுக்க வெச்சிட்ட."

அவன் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டான். அழுதிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் அழவில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, வழக்கமாக இரண்டு பேரும் வேலை பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தான்.

"நாலு மாசம் மட்டும் குடு. ஒட்டினதும் தானா நின்னுக்கற மாதிரி புது ரவை ஒண்ணு வந்துட்டே இருக்கு, உனக்கே தெரியும். வியாழக்கிழமை இந்த ஸ்கேனைக் காட்டாத. பழைய எக்ஸ்ரேயைக் காட்டு. ஏழு கடுகு தெரியும். அதுல பொய்னு எதுவும் இல்லையே."

பொய் இல்லைதான். கடுகு தெரிந்தால் ரவை இருக்கிறது என்று அர்த்தம் என்பது அவளே எழுதிக் கொடுத்த விதி. அவன் அதை வைத்துத்தான் அவள் கண்ணில் மண்ணைத் தூவினான். கடுகு இருந்தால் கடுகு இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்பது இத்தனை படித்த ஒரு ஆய்வகத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உப்புமா என்று சிரித்ததோடு சரி.

"இப்ப நீ சொல்லி என்ன ஆகப் போகுது?" என்றான் அவன். "வெச்சதை எடுக்க முடியாது. எலும்போட எலும்பா ஆயிருச்சு. சும்மா பயந்துதான் சாவாங்க."

"பளு தூக்காம இருந்தா அதுக்கு மேல ஏறாதில்ல?"

"தூக்காம எப்படிச் சாப்பிடுவாங்க?"

காலையில் மாராத்தாள் கேட்ட அதே கேள்வி. அவள் வயிற்றுக்காகக் கேட்டாள், இவன் தப்பித்துக்கொள்வதற்காகக் கேட்கிறான். கோகிலவாணி படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நீ எனக்கு ரவையே வெச்சிருக்கலாம் அருள்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

காரிலேயே உட்கார்ந்து குழுவுக்கு எழுதினாள். என் முதுகில் ரவை இல்லை, இருப்பதாக மூன்று வருடம் சொல்லிவந்தது பொய், இதோ ஸ்கேன், இதோ மாராத்தாளின் ஸ்கேன், வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் இன்றே நிறுத்துங்கள். இன்னொரு முறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிற பொத்தானை அழுத்தினாள். பதினோரு வருடம் அல்லவா. மறுநாள் சாயங்காலம் தடை உத்தரவு வந்தது. நாடு முழுக்க ரவைக் குப்பிகளை மூடி வைக்கச் சொல்லியிருந்தார்கள். வைத்துக்கொண்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஆஸ்பத்திரிகளுடையது. மாராத்தாளுக்கு மட்டும் தானே நேரில் சொல்வது என்று கோகிலவாணி முடிவு செய்தாள்.

இந்த இரண்டு நாளும் அவளுக்கு வந்த போன்களில் பாதி ஆறுதல் போன்கள். "உங்களை இப்படி ஏமாத்திட்டாரே மேடம்," என்று ஹசீனாவே சொன்னாள். ஆய்வகத்தில் ஒரு பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானல்லவா ஏமாந்தேன், எனக்கல்லவா துரோகம் நடந்தது என்று கோகிலவாணியும் மனதுக்குள் சொல்லிச் சொல்லி அதில் ஒருவித இதம் கண்டிருந்தாள். மாராத்தாளிடமும் அதைச் சொல்லிவிட்டால் இரண்டு பேரும் ஒரே பக்கம் ஆகிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டுதான் புதன்கிழமை காலையில் சின்னியம்பாளையத்துக்குக் காரை ஓட்டினாள்.

நான்கு மாடிக் கட்டடம், பாதி வேலை முடிந்து நின்றது. மாராத்தாள் கீழே நின்று புதுச் சுவருக்குக் குழாயால் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டி தூக்க முடியாது என்றதும் மேஸ்திரி இந்த வேலையைக் கொடுத்திருந்தார். கூலி குறைவு, இருந்தாலும் நாள் ஓடும்.

கோகிலவாணி ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ரவை ஏறுவதைச் சொன்னாள், ஏறியது இறங்காது என்று சொன்னாள், இனிமேல் பளுவே கூடாது என்று சொன்னாள். கடைசியாகத் தன் முதுகைப் பற்றியும் சொன்னாள். மாராத்தாள் சுவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்க முதுகுல அது இல்லீங்களா?"

"இல்லைங்க. எனக்கே தெரியாது. என்னையும் ஏமாத்திட்டாங்க."

"ஆருங்க?"

"அருட்செல்வன் டாக்டர். உங்களுக்கு ஆபரேஷன் பண்ணினாரே, அவரேதான். எனக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம். கூடப் பொறந்தவன் மாதிரி நினைச்சேன்."

"உங்களுக்கு ஏதும் ஆயிரக் கூடாதுன்னு பண்ணியிருக்காருங்க."

"ஆமாங்க. ஆனா அது..."

"உங்க மேல பாசமுங்க," என்றாள் மாராத்தாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தண்ணீர் அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. சிமெண்டுப் பூச்சு கரைந்து வழிவதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு சொன்னாள்: "என்ற தங்கச்சி பூங்கொடிக்குப் போன தை மாசம் வெச்சதுங்க. அவளும் சட்டி தூக்கறவதான். பயந்த புள்ளைங்க. ஆப்ரேசனே வேண்டாம், வலியோடயே இருந்துக்கிறேன்னு அழுதா. நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனேன். அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லீங்களே, நல்லாத்தானே இருந்தேன். டாக்டருக்கு வேண்டிய ஆளு நீங்க, உங்களுக்கு வெக்காம விட்டாரு. எனக்கு வேண்டிய ஆளு அவ. நான் வெக்க வெச்சுட்டேன்."

காரில் வரும்போது சேர்த்துவைத்திருந்த பேச்சைக் கோகிலவாணி அப்படியே விட்டுவிட்டாள்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

மாராத்தாள் முகவாயால் மேலே காட்டினாள். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் காலிச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கலவை எந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து, சும்மாட்டைச் சரிசெய்து, நிறைந்த சட்டியைத் தலையில் வாங்கிக்கொண்டாள். யாரோ ஏதோ கிண்டலாகச் சொல்ல, பதிலுக்குச் சிரித்தபடியே மறுபடி படியேறினாள்.

"இன்னிக்கே நிறுத்திட்டா அவங்களுக்கு மேல ஏறாதுங்க," என்றாள் கோகிலவாணி அவசரமாக. "வெச்சு பத்து மாசம்தானே ஆகுது. இப்பவே போய் நானே சொல்லிடறேன். பயப்பட வேண்டாம், சட்டியை மட்டும் இறக்கிட்டாப் போதும், நல்லாயிரும்னு நானே எடுத்துச் சொல்றேன்."

அவள் படிக்கட்டை நோக்கி இரண்டடி வைத்தாள். மாராத்தாள் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாமுங்க அம்மிணி," என்றாள். "நானே சொல்லிக்கிறேன். நீங்க நல்லாயிரும்னு சொன்னா, சூலூர்ல நான் நம்பின மாதிரியே அவளும் நம்பிருவா."

சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டாத அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறிப் போனாள். கோகிலவாணி நின்ற இடத்திலேயே நின்றாள்.